மேனேஜருக்கு ரெண்டு கையெழுத்து

மார்ச் 4

மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். எல்லோரும் என்றால் நானும் மேனேஜரும். அதில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லை.

உன் நம்பருக்கு அடித்தால் மூணு வருஷமாக ஒரு பெண்மணி வந்து, நீ வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொல்கிறாள். மூணு வருஷமாக ஒரே அழைப்பு. அப்படி யாரிடம்தான் பேசுகிறாய் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. வீட்டு முகவரியும் தெரியாது. அதனால் நீ வேலை செய்யும் லேப் முகவரிக்கு எழுதுகிறேன். கவரைப் பார்த்து யாராவது "யாரு?" என்று கேட்டால் "லிஃப்ட் ரிப்பேர்காரர்" என்று சொல்லிவிடு. பொய்யும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மேனேஜருக்குக் கிட்னி ரெண்டும் போய்விட்டது. பத்து நாளாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் வாளி வாளியாகக் குடித்துவிட்டு அப்படியே வாந்தி எடுக்கிறான். வாசலில் படுத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனை முறைப்பதைத் தவிர வேறொரு வேலையும் செய்யவில்லை என்றுதான் உன் அம்மா அவனுக்கு மேனேஜர் என்று பேர் வைத்தாள். இப்போது முறைப்பதையும் விட்டுவிட்டான். தபால்காரர் என்னிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசுகிறார்.

நாய் டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். "சார், இனிமே மருந்துக்குக் கேக்காது. கஷ்டப்படுத்தாம ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம்" என்றாள்.

"தூங்கறதுக்கு அவனுக்கு எதுக்கும்மா ஊசி? ஃபேனைப் போட்டாலே தூங்குவானே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க" என்றாள். வீட்டில் யாரோடு பேசுவது? பேசினேன். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ரத்தத்தைப் பார்த்து ஜாதகம் சொல்வதுதானே உன் தொழில். ஒன்பதாம் வகுப்பில் புத்தகப் பைக்குள் வைத்து நீ தூக்கிவந்த நாய். நான் பதின்மூன்று வருஷமாக அவனுக்கு வேலைக்காரன் மட்டும்தான். நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அப்பா

*

மார்ச் 9

அப்பாவுக்கு,

தாளைப் பார்த்தேன். கிரியாட்டினின் ஒன்பது புள்ளி இரண்டு. எங்கள் லேபில் இப்படி ஒரு எண் வந்தால், தாளை அச்சடிக்கும் முன்பே போனை எடுத்து டாக்டரிடம் சொல்வோம். எனக்கு ஜாதகம் தெரியாது. எண்கள் தெரியும்.

நான் வரும்வரை யாரும் எந்த ஊசியும் போடக்கூடாது.

இதை நான் ஏன் எழுதவேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். போன முறை நான் ரயிலில் இருந்தேன். மூன்று மணி நேரத்தில் வந்திருப்பேன். "வந்துட்டே இருக்கேன்பா, நான் வர வரைக்கும் இருக்கச் சொல்லுங்க" என்று போனில் கெஞ்சினேன். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றபோது அம்மாவின் குழாயை எடுத்து, முகத்தைத் துடைத்து, தலையை வாரிக்கூட விட்டிருந்தார்கள். வகிடு தப்பான பக்கம் எடுத்திருந்தது. "பாக்க முடியலம்மா, அவ படற பாடு. டாக்டர் கேட்டார், கையெழுத்துப் போட்டுட்டேன். கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றீர்கள். அன்று சாயங்காலம் துக்கத்துக்கு வந்தவர்களிடம், "அவ எப்பவுமே எனக்கு முன்னாடி கிளம்பி நிப்பா, கல்யாணத்துக்குப் போனாலும் சரி" என்று சொல்லி இரண்டு பேரைச் சிரிக்க வைத்தீர்கள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

இருபதாம் தேதிக்கு மேல் லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் டிரிப் ஏற்றச் சொல்லுங்கள். வாந்திக்கு மருந்து பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பகலில் நீங்கள் வேலைக்குப் போனால் அவனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அதை எழுதவில்லை.

ஜோக் எழுத வேண்டாம்.

*

மார்ச் 13

மகளுக்கு,

ஜோக் எழுத வேண்டாம் என்றாய். பத்தாவதோடு நின்று ஐ.டி.ஐ. போனவன் நான். ஜோக்கை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது ஸ்பேனர் மட்டும்தான். முயற்சி செய்கிறேன்.

டிரிப் ஏற்றுகிறார்கள். கழுத்துத் தோலைத் தூக்கி ஊசியைக் குத்துவார்கள். முதுகில் தண்ணீர்ப் பை மாதிரி வீங்கி, அரை நாளில் வற்றும். முதல் தடவை கத்தினான். இப்போது கத்துவதில்லை. வாய்க்குள் புண். பாலில் ரொட்டியை நனைத்துக் கையில் வைத்து நீட்டினால், மரியாதைக்கு ஒரு நக்கு நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று ஊர் உலகமெல்லாம் சொல்லும். வந்து பார். தானாகவே நேராகிவிட்டது. தொங்குகிறது. ஜோக் இல்லை இது.

பகலில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாய். நல்லபடியாகத்தான் இருக்கிறான். அதை விடு.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டடத்து லிஃப்டையும் ஒருத்தன் இஷ்டத்துக்கு நிறுத்திவிட முடியாது. அதற்கு ஒரு மஞ்சள் சீட்டு. மெக்கானிக் ஒரு கையெழுத்து, கட்டடக்காரர் ஒரு கையெழுத்து. ரெண்டும் விழாமல் மெயின் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருந்தால்? அதற்குத்தான். இருபத்தாறு வருஷத்தில் ஒத்தைக் கையெழுத்தில் நான் ஒரு லிஃப்டையும் நிறுத்தியதில்லை. வீட்டில்தான் ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டேன். அதற்கு மூணு வருஷம் தண்டனை அனுபவித்தாயிற்று. விடுதலைத் தேதி மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்தச் சீட்டில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். 'லிஃப்ட் எண்' என்ற இடத்தில் மேனேஜர் என்று எழுதியிருக்கிறேன். 'நிறுத்தக் காரணம்': வயசு, கிட்னி. 'மீண்டும் இயக்கும் நாள்': கோடு போட்டுவிட்டேன். மெக்கானிக் இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. கீழே உன்னுடையதைப் போட்டு அனுப்பு. நீ வந்தால் ரொம்ப நல்லது. வர முடியாவிட்டாலும் கையெழுத்து போதும்.

டாக்டரம்மாவுக்கு இந்தச் சீட்டு தேவையில்லை. "நீங்க சரின்னு சொன்னாலே போதும் சார்" என்கிறாள். அவளுக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை. நாளைக்கு, "என்னைக் கேக்காம செஞ்சிட்டீங்க" என்று நீ இன்னொரு தடவை சொன்னால் தாங்குகிற வயசு எனக்கு இல்லை.

அப்பா

*

மார்ச் 18

அப்பாவுக்கு,

சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

பக்கத்து இருக்கையில் இருப்பவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்கப்பா செம ஜாலியான ஆளுடி" என்றாள். எல்லோருக்கும் நீங்கள் ஜாலியான ஆள்தான். உங்கள் ஜோக்குக்குச் சிரிக்கிறவர்கள் யாரும் உங்கள் வீட்டில் இருந்ததில்லை.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிகிறது. 'செய்யுங்கள்' என்று நான் எழுதினால், பாவத்தில் பாதி என் பங்கு. அப்புறம் அம்மா விஷயமும் நேராகிவிடும். "பாரு, உனக்கும் அதேதான் வந்துச்சு" என்று சொல்லலாம். 'செய்யாதீர்கள்' என்று எழுதினால், செத்துக்கொண்டிருக்கும் நாயை மகளுக்காகத் தூக்கிச் சுமக்கும் நல்ல தகப்பன் ஆகிவிடுவீர்கள். இரண்டில் எதையும் நான் உங்களுக்குத் தரப்போவதில்லை.

லீவு தள்ளிப் போயிருக்கிறது. இருபத்தைந்துக்கு மேல்தான். லேபில் ஆள் இல்லை.

அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பது எப்படி இருக்கும் என்று நீங்களும் ஒரு தடவை தெரிந்துகொள்ளலாம்.

பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மறுபடியும் கேட்கிறேன்.

*

மார்ச் 23

மகளுக்கு,

பொறுக்கிறேன். என்னைவிட அவன் நன்றாகப் பொறுக்கிறான். பொறுமையில் அவன் அம்மா பிள்ளை.

இன்றைக்கு டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டிரிப்புக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். இருபத்துநாலு கிலோ இருந்தவன் பதினாலு. முன்பெல்லாம் மாடிப்படியில் அவனைத் தூக்கினால் எனக்கு மூச்சு வாங்கும். இப்போது என் டூல் பெட்டி அவனைவிடக் கனம். மேஜையில் படுக்க வைத்தேன். அவள் ஊசியை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? இந்த டிரிப்பெல்லாம் யாருக்கு? அவனுக்கா, உங்களுக்கா?"

"எனக்கு கிட்னி நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன்.

"போதும் சார் உங்க தமாஷு. அவன் பல்லைக் கடிச்சிட்டு இருக்கான், பாருங்க. இது வலி. நாய் வலியைக் காட்டாது, அதனால நமக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கறோம். யாருக்காக இவனை வச்சிருக்கீங்க?"

"பொண்ணு கிட்டேயிருந்து லெட்டர் வரணும்" என்றேன். எனக்கே அது கேட்பதற்கு அசிங்கமாக இருந்தது. அங்கே உதவிக்கு இருக்கிற அம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணைக் கொஞ்சம் இங்க வந்து இவன் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க, லெட்டரெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்" என்றாள். உன்னைத் திட்டியது எனக்குக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பகலில் பாத்ரூமில் இருக்கிறான். வாந்தியும் மூத்திரமும் அடக்க முடியவில்லை. வீடு முழுக்கத் துடைத்துவிட்டு எட்டு மணிக்கு எந்த லிஃப்டுக்குள் போய் நிற்பேன்? பழைய போர்வை போட்டு, தண்ணீர் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

வா. இல்லையென்றால் ஒரு வரி எழுது. "போடுங்க" என்று ஒரே வார்த்தை. அதுகூட வேண்டாம், மஞ்சள் சீட்டை மறுபடி வைத்திருக்கிறேன், ஒரு கிறுக்கு கிறுக்கி அனுப்பு. நீ சொல்லாமல் நான் தொட மாட்டேன். நீ கேட்டதும் இதுதானே?

அப்பா

*

மார்ச் 27, மதியம் மூன்றரை

அப்பாவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் பழைய சாவி இன்னும் திறக்கிறது.

ஒன்றரை மணிக்கு வந்தேன். பாத்ரூம் கதவைத் திறந்தேன். நீங்கள் போட்ட போர்வை ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அவன் வெறும் டைல்ஸில், நான்கு காலும் நான்கு பக்கம் விரிந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அவன் வாந்தியிலேயே தாடை ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தலையைத் தூக்கினான். வால் ஆடவில்லை. கண்ணை மட்டும் என்மேல் வைத்திருந்தான்.

உங்கள் கடிதங்களில் இது இல்லை. 'மரியாதைக்கு ஒரு நக்கு' இருந்தது. 'அம்மா பிள்ளை' இருந்தது. படித்தபோது நானும் ஓர் இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்காக உங்களை மன்னிக்க மாட்டேன்.

குளிப்பாட்டித் துடைத்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நான் யார் என்று சொன்னதும், உதவிக்கு இருக்கிற அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். என்னைப் பற்றி அங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறீர்களோ. டாக்டர், நீங்கள் இரண்டு தடவை "சரி, போட்டுடுங்க" என்று சொல்லி, மருந்தை எடுத்த பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதாகச் சொன்னார். இதுவும் கடிதங்களில் இல்லை.

அப்புறம், "அப்பா அஞ்சு மணிக்கு வந்துடுவாரே, ஒரு வார்த்தை போன் பண்ணிடலாமா? அவர் வர வரைக்கும் வலி தெரியாம மருந்து குடுத்து வைக்கிறேன்" என்று கேட்டார்.

சுவரில் மணி இரண்டு ஐந்து. மூன்று மணி நேரம்கூட இல்லை.

"வேண்டாம்" என்றேன்.

வலியில்லாமல் வைத்திருக்க முடியும் என்று அவர் சொன்ன பிறகுதான் வேண்டாம் என்றேன். இது உங்களுக்குத் தெளிவாகப் புரிய வேண்டும். தவறிப் போய்ச் செய்தது இல்லை.

உங்கள் மஞ்சள் சீட்டில் ஒரு கையெழுத்துதான் இருந்தது. ஊசிக்குச் சம்மதம் கேட்டு அங்கே வைத்த தாளிலும் ஒரு கையெழுத்துதான். சரியாகப் போயிற்று.

உடலை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். காலரை நான் கொண்டுபோகிறேன். பாத்ரூமைக் கழுவிவிட்டேன். நாலரைக்கு எனக்கு ரயில்.

*

மார்ச் 31

மகளுக்கு,

ஐந்தே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். பாத்ரூம் கதவு திறந்திருந்தது. தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எழுந்து நடந்துவிட்டான் என்று. டிரிப் வேலை செய்துவிட்டது என்று. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன். மாடிப்படியில் இறங்கி "மேனேஜர், மேனேஜர்" என்று கூப்பிட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனேன். பழக்கடைக்காரர், "என்ன சார், நாய்க்கு உடம்பு தேறிடுச்சா?" என்று கேட்டார். "ஓடவே ஆரம்பிச்சுட்டான்" என்று சொல்லிச் சிரித்தேன். திரும்பி வந்து தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான் மேஜையில் உன் கடிதத்தைப் பார்த்தேன்.

நீ செய்தது சரி. நான் சொல்கிறேன். நீ வந்த அன்றைக்கும் நான் இருந்திருந்தால் மூணாவது தடவையும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அதுவரைக்கும் நீ எழுதியது ரெண்டு கடிதம். ரெண்டிலும் வசவுதான். ஆனாலும் மூணு வருஷத்தில் நீ எனக்கு எழுதியது அவ்வளவுதான். அவன் போய்விட்டால் மூணாவது வராது என்று நினைத்தேன். அதற்குத்தான் பதினாலு கிலோவைப் பாத்ரூமில் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் உனக்காக என்று உன்னிடமும் டாக்டரம்மாவிடமும் சொன்னேன். பொய்.

மறுநாள் அங்கே போனேன். உதவிக்கு இருக்கிற அம்மா என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் ஒன்று சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டு வெளிய போயிடுச்சு சார். 'நான் பாக்க மாட்டேன், முடிஞ்சதும் கூப்பிடுங்க'ன்னு சொல்லிட்டு ரோட்டுல போய் நின்னுடுச்சு. நான்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன். அவன் கதவையே பாத்துக்கிட்டு இருந்தான்."

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் மூணு நாள் பேனாவைத் தொடவில்லை. அப்புறம், ஏன் எழுதக்கூடாது என்று தோன்றியது. நான் செய்த அதே மூணு மணி நேரத்தை வைத்து நீ என்னை அடித்தாய். எனக்கும் ஒரு அடி பாக்கி இருந்தது. வாங்கிக்கொள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் கெட்டிக்காரன். ஆனால் அந்த அம்மா சொல்லச் சொல்ல எனக்கு ஒரு வராந்தா ஞாபகம் வந்துவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ரெண்டு கேள்வி. முதல் கேள்வி, "குழாயை எடுத்துடலாமா?" ரெண்டாவது, "பொண்ணு வர வரைக்கும் வச்சிருக்கலாம், மயக்கத்துலதான் இருக்காங்க, வலி தெரியாது. இருக்கட்டுமா?"

நான் வேண்டாம் என்றேன். நீ வந்தால் நேராக உள்ளே போவாய். அம்மா கையைப் பிடிப்பாய். "அப்பா, நீங்களும் வாங்க" என்பாய். நானும் உள்ளே வந்து நின்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் மூணு மணி நேரம் முன்னாடியே கையெழுத்துப் போட்டேன். அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அதில் முதல் பாதி பொய். அவள் பாடு பட்டு முடித்து மயக்கத்துக்குப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. பார்க்க முடியவில்லை என்பது மட்டும் நிஜம்.

கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றதும் பொய். நான் வராந்தாவில் இருந்தேன். அங்கே ஒரு லிஃப்ட் கதவு மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. ஒரு வாட்ச்மேன் அதைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். "ஏம்ப்பா உதைக்கிற? கதவோட சென்சார் கண்ணுல தூசி, துணியால துடைச்சா போதும்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கைக்குட்டையை எடுத்து நானே துடைத்தேன். கதவு ஒழுங்காக மூடியது. "அடடா, சார் கை பட்டதும் சரியாயிடுச்சே" என்றான். எனக்கு சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, அம்மாடி. அப்போதுதான் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், முடிந்துவிட்டது என்று.

இதில் எங்கே ஜோக் வைப்பது என்று தெரியவில்லை. அதனால் வைக்கவில்லை.

அப்பா

*

ஏப்ரல் 5

அப்பாவுக்கு,

அப்போ அம்மா பக்கத்துல யாரு இருந்தாங்க?